எடின்பரோவின் கோடையைத் திறந்தவெளியில் கழிப்பது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பெற்றோருக்கு

படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் தங்கியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து செல்லும் பெற்றோர், கோட்டை, அருங்காட்சியகம், கடைவீதி என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவது வழக்கம். அந்த நகரத்தின் சிறப்பில் பெரும்பகுதி கட்டடங்களுக்கு வெளியே, நகருக்குள்ளேயே எழுந்து நிற்கும் குன்றுகளிலும் ஆற்றோரப் பாதைகளிலும் கடற்கரைகளிலும் இருக்கிறது; அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் கிடையாது. அவற்றை நிறைவாக அனுபவிக்க விரும்புவோர், எந்தத் தேதியில் எங்கே செல்வது என்று ஊரிலிருந்தே அட்டவணை போட வேண்டாம். அன்றன்றைய வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துக் காலையில் முடிவு செய்யும் வழக்கத்துக்கு வர வேண்டும்.

நமக்குக் கோடை என்பது வெயிலுக்கு ஒதுங்கும் காலம். அங்கே ஜூலை மாதத்தில்கூடப் பகல் வெப்பம் சராசரியாக 19 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். மே மாதத்தில் 15 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆனால் நகரம் 56 டிகிரி வட அகலக்கோட்டுக்கு அருகில் அமைந்திருப்பதால், ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை நாலரை மணிக்கு முன்பே உதித்து இரவு பத்து மணியளவில்தான் மறைகிறது. எனவே காலையில் மழை பெய்தால் அந்த நாளே போயிற்று என்று எண்ண வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேகம் விலகினாலும் ஒரு குன்றில் ஏறி இறங்கி வீடு திரும்பும் அளவுக்கு வெளிச்சம் மிச்சமிருக்கும். மழை நேரத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். வெயில் அடிக்கும் நேரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். இரவில் தூக்கம் கெடாமலிருக்கக் கண்மறைப்புத் துணி ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது.

நம் பள்ளி விடுமுறைக்குள் சென்று திரும்ப வேண்டியவர்களுக்கு மே மாதத்தின் இரண்டாம் பாதி பொருந்தும். குளிர் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பொதுவாக ஜூலை, ஆகஸ்டைவிட மழை குறைவு. ஆகஸ்டில், 1947 முதல் நடந்துவரும் கலை விழாக்களுக்காக ஊர் நிரம்பி வழியும், விடுதிக் கட்டணமும் ஏறிவிடும். நாடகத்திலும் இசையிலும் நாட்டமில்லாதவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடலாம் என்பதே என் கருத்து.

தளியின் மார்கழிக் காலைக்குப் பழகியவருக்கும் எடின்பரோவின் காற்று புதிதாகத்தான் இருக்கும். பருத்தி ஆடை நனைந்தால் எளிதில் உலராது. ஆகையால் உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடியுடன் கூடிய மழை ஜாக்கெட் என்று அடுக்காக அணிந்து, தேவைக்கேற்பக் கழற்றிக்கொள்ளுங்கள். குன்றின்மேல் குடை பயன்படாது. பூங்காக்களுக்குப் புடவை தடையில்லை; குன்றேறும் நாளில் சுடிதாரோ பேன்ட்டோ அணிவது பாதுகாப்பு. பிடிமானமுள்ள ஷூவை இங்கேயே வாங்கி, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதிகாலையில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் படிகளில் ஏறிப் பழகுங்கள். காலும் பழகும், ஷூவும் பழகும்.

முதலில் ஏற வேண்டியது ஹோலிரூட் பூங்காவில் உள்ள ஆர்தர்ஸ் சீட். 251 மீட்டர் உயரமுள்ள இக்குன்று, சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறி அடங்கிய எரிமலையின் மிச்சம். (கிருஷ்ணகிரிப் பகுதியின் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் என்பதால், முதுமையில் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.) முழங்கால் வலி உள்ளவர்கள் கிழக்கே டன்சாபி ஏரிப் பக்கத்திலிருந்து ஏறினால், ஏற வேண்டிய உயரம் குறையும். உச்சிப்பாறை பலரின் காலடி பட்டு வழவழப்பாகியிருப்பதால், மழை நின்றவுடனே ஏறாமல் ஈரம் காயும்வரை பொறுத்திருங்கள். சாலிஸ்பரி பாறைச் சுவரின் அடியில் செல்லும் பாதை 2018இல் பாறை சரிந்ததால் மூடப்பட்டது. எங்கேனும் வேலி போட்டிருந்தால் அதைத் தாண்டிச் செல்ல வேண்டாம். இவ்வளவு தூரம் ஏற இயலாதவர்களுக்குக் கால்டன் குன்று போதும். சில நிமிட நடையில் நகரமும் கடலும் சேர்ந்து தெரியும்.

நடக்க மட்டும் விரும்பும் நாளில், பழைய ஆலைகளுக்குப் பேர்போன டீன் கிராமத்திலிருந்து லீத் ஆற்றின் ஓரமாக ஸ்டாக்பிரிட்ஜ் வரை சென்று, அங்கிருந்து அரச தாவரவியல் பூங்காவை அடையலாம். 1670இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவுக்குள் நுழையக் கட்டணமில்லை. இமயமலை ரோடோடென்ட்ரான் மலர்களைப் பார்க்க மே மாதம் ஏற்றது.

கிராமண்ட் தீவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடலில்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு ஓதம் ஏறி இறங்கும் கணக்கு பழக்கமில்லாதது. நகரின் வடமேற்கு ஓரத்தில், கரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் உள்ள இத்தீவுக்குக் கடல் வற்றும்போது வெளிப்படும் பாதையில் நடந்தே செல்லலாம். பாதையோரமாக இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி, இவ்வளவுதான் பாதுகாப்பான அவகாசம். பகல் ஒரு மணிக்குத் தாழ்நீர் என்றால் பதினொன்றுக்குப் பிறகு புறப்பட்டு, மூன்று மணிக்குள் கரையில் கால் வைத்துவிட வேண்டும். மறுநாள் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத்தை நிர்வாகமே நிறுத்திவிடுகிறது. கிராமண்டில் அப்படித் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. நேரம் எழுதிய பலகையை நாமே படித்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை தீவில் சிக்கிக்கொண்டால், தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று இறங்கிவிடாமல், அங்கேயே இருந்து உதவிக்கு அழையுங்கள்.

கடலிலிருந்து வரும் குளிர்ந்த மூடுபனியை அங்குள்ளோர் ‘ஹார்’ என்பார்கள். கிழக்குக் காற்றோடு அது வரும் நாளில் போர்டோபெல்லோ கடற்கரையில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. உள்நாட்டுப் பக்கம் பல சமயம் வானம் தெளிந்திருக்கும் என்பதால், நகருக்குத் தெற்கேயுள்ள பென்ட்லண்ட் குன்றுகளுக்குச் செல்லுங்கள். அங்கே உயரமான ஸ்கால்ட் லா 579 மீட்டர். ஏற முடியாதவர்கள் கிளென்கோர்ஸ் நீர்த்தேக்கத்தின் ஓரப் பாதையில் நடக்கலாம். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் யாரும் பொறுப்புடன் நடந்து செல்லலாம். பயிர் நிற்கும் வயலையும் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் விட்டு விலகிச் செல்வதும், மூடியிருந்த வேலிக் கதவைக் கடந்தபின் மூடிவிடுவதும், குட்டியோடு மேயும் ஆடுகளை நெருங்காமலிருப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

வானம் தெளிந்து காற்றும் அடங்கிய நாளை நார்த் பெரிக்குக்கு ஒதுக்குங்கள். வேவர்லி நிலையத்திலிருந்து ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். அங்கிருந்து படகில் சென்றால், கன்னெட் கடற்பறவைகள் பெருந்திரளாகக் கூடுகட்டும் பாஸ் ராக் பாறைத்தீவைக் காணலாம். கட்டுச்சோற்றைக் கரையில் பிரிக்கும்போது கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துவிடும். சுவரை ஒட்டி அமர்ந்து சாப்பிடுங்கள்.

பெரணியும் உயர்ந்த புல்லும் உள்ள இடங்களில் நடந்து வந்த நாளில், கால்களிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது லைம் நோயைப் பரப்பக்கூடும். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்றிவிட்டு, பின்வரும் வாரங்களில் தடிப்போ காய்ச்சலோ கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவசர உதவிக்கு 999 என்ற எண்ணை அழைத்து, கடலோரமாக இருந்தால் கடலோரக் காவல் படையையும், குன்றின்மேல் இருந்தால் காவல் துறை வழியாக மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும்.