விற்கிற வீட்டைப் படம் எடுக்கும் முன்: பெருமாள்புரத்தில் நான் செய்த தவறுகள்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டை விற்பது என்று முடிவானதும், படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கையில்தான் நல்ல போன் இருக்கிறதே என்று ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு போனேன். அரை மணி நேரத்தில் அறுபது படம். அத்தனையையும் தரகர் அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அவரிடமிருந்து போன். "தம்பி, வீட்ட விக்கப் போறியளா, கொடியில கிடக்க துணிய விக்கப் போறியளா?"

அனுப்பிய படங்களைத் திரும்பப் பார்த்தால், அவர் சொன்னது சரிதான். துணிக்கொடி, காலி சிலிண்டர், வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு, ஒரே சுவரில் மூன்று தினசரி காலண்டர். குடியிருப்பவர் கண்ணுக்கு இதெல்லாம் தெரிவதே இல்லை.

இங்கே வீடு வாங்குகிறவர்களில் நிறைய பேர் சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர்கள். போனில் படத்தைப் பார்த்துத்தான் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடலாமா என்று யோசிப்பார்கள். அவர்களை ரயில் ஏற வைத்தால் படத்தின் வேலை முடிந்தது. ஆனால் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து நிற்கும்போது, படத்தில் பார்த்த அதே வீடு அங்கே இருக்க வேண்டும். என் தவறுகளில் பாதி இந்த இரண்டாவது விஷயத்தை மறந்ததால் வந்தவை.

முதலாவது, போனில் இருக்கும் 0.5 லென்ஸ். பத்துக்குப் பத்து அறையை அது கல்யாண மண்டபம் ஆக்கிவிடும். ஓரத்தில் இருக்கும் பீரோ சாய்ந்து விழப்போவது போல இழுபடும். நேரில் வந்தவர் உள்ளே கால் வைத்ததுமே "இவ்வளவுதானா?" என்பார். அதோடு பேரத்தில் உங்கள் கை இறங்கிவிடும். அறையின் கதவு நிலைக்கு வெளியே நின்று, சாதாரண 1 லென்ஸில் எடுத்தால் பெரும்பாலும் போதும். இடமே இல்லாத குளியலறைக்கு மட்டும் அகல லென்ஸை வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஓரத்தில் பொருள் எதுவும் இல்லாமல். போனைப் படுக்கை வசமாக, சுவிட்ச் போர்டு இருக்கும் உயரத்தில் பிடியுங்கள். நாம் வழக்கமாக முகத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சம் கீழே சாய்ப்போம். கதவு நிலைகளெல்லாம் கோணலாவது அதனால்தான். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, நிலைக்கால் அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தாலே படம் பாதி நிமிர்ந்துவிடும். அப்புறம், லென்ஸை வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். என் அறுபது படத்திலும் சாம்பார் கை மங்கல் இருந்தது.

அடுத்தது வெயில். மதியம் ஒரு மணிக்கு வீட்டின் முகப்பை எடுத்தால் சன்ஷேடுக்குக் கீழே கன்னங்கரேல் என்று இருக்கும். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை, மேற்குப் பார்த்த வீட்டுக்குச் சாயங்காலம் என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கும் தெற்கும் பார்த்த வீடுகளில்தான் ஏமாந்துபோவோம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கு வாசல் வீட்டின் முகத்தில் வெளிச்சம் விழுவது அந்த மாதங்களில்தான். மார்கழியில் அதே வீடு நாள் முழுக்க நிழலில் கிடக்கும். அப்போது எடுத்தே ஆகவேண்டும் என்றால், லேசாக மேகம் போட்ட நாளாகப் பார்த்து எடுங்கள். வடக்கு வாசல் இல்லாத வீடாக இருந்து, மாதத்தையும் தேர்ந்தெடுக்க முடிந்தால் என் ஓட்டு தைக்கு. பொங்கலுக்கு அடித்த வெள்ளை புதுசாக இருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், ஆடிக் காற்றுப் புழுதியும் இருக்காது.

டவுன் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தார்சா என்கிற முன் தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அங்கே உள்ளே எடுக்க உச்சிப் பொழுதுதான் நல்லது. வானவெளி என்கிற கூரையில்லாத திறப்பு வழியாகவும் கண்ணாடி ஓடு வழியாகவும் வெளிச்சம் நேராக இறங்குவது அப்போதுதான். சிவப்புச் சிமெண்டுத் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்த உடனே எடுக்காதீர்கள், திட்டுத்திட்டாகப் பளபளக்கும். முதல் நாள் ராத்திரியே தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காலையில் காய்ந்த துணியால் ஒரு தடவை தேய்த்தால் தரை தன் பழைய நிறத்துக்கு வரும்.

மஞ்சள் பல்பையும் வெள்ளை டியூப் லைட்டையும் சேர்த்துப் போட வேண்டாம். சுவர் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம் என்று தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள். கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று பாருங்கள்.

இனி நான் செய்ததிலேயே பெரிய தவறு. பின்னறைச் சுவரின் அடியில் ஓதம், அதாவது ஈரக் கசிவு, ஏறியிருந்தது. படத்தில் தெரிய வேண்டாமே என்று அடியில் மூன்றடிக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. இப்போது வீடு பார்க்க வருகிறவர் கண் முதலில் சுவரின் அடிப்பக்கத்துக்குத்தான் போகிறது. வெறும் ஓதமாக இருந்ததை, வெள்ளம் புகுந்து மூடிமறைத்த வீடு போல ஆக்கிவிட்டேன். அடித்தால் சுவர் முழுக்க அடியுங்கள். இல்லையென்றால் இருக்கிறபடி விட்டு, வாயால் சொல்லிவிடுங்கள். வாசலுக்கு எதிரே இருக்கும் டிரான்ஸ்பார்மரைப் போனிலேயே அழித்துத் தருகிற வசதி இப்போது இருக்கிறது. அழித்துவிடலாம்தான், வருகிறவர் அதைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும்?

ஒதுக்குவதிலும் அளவு வேண்டும். மொத்தமாகக் காலி செய்த அறை எவ்வளவு பெரிது என்று படத்தில் பிடிபடாது. ஒரு கட்டிலோ நாற்காலியோ இருக்கட்டும். பூஜை அறையை மூடி வைக்காதீர்கள், இங்கே வாங்குகிறவர்கள் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக்கரியையும் துடைத்தால் போதும். தாத்தாவின் மாலை போட்ட படத்தைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு ஆச்சி, "அவ்வொ பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்" என்றாள். நான் இரண்டடி தள்ளி நின்று எடுத்தேன்.

ஆனால் படத்தில் தெரியவே கூடாதவையும் உண்டு. பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, ஆஸ்பத்திரி பைல், கரண்ட் பில், சாவிக்கொத்து, பீரோ இருக்கும் இடம். படம் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வார்கள். அப்படிப் போகும்போது, எடுத்த இடத்தின் விவரமும் படத்தோடு சேர்ந்தே போகும். எடுக்கும் முன்பே கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் தடவை பதினெட்டே படம் எடுத்தேன். தெருவின் இரண்டு பக்கம், முகப்பு, அப்புறம் ஒருவர் உள்ளே நடந்து போகிற வரிசையில் மொட்டை மாடி வரைக்கும். அண்ணாச்சியிடமிருந்து உடனே பதில் வந்தது.

"இப்ப சரி. கிணத்தக் காணுமே தம்பி?"