பழைய லாரியில் வேலை செய்யாத ஏசியைக் கழற்றி எடுப்பது எப்படி

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஏசி குளிரவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் அவசரமே இல்லை, ஏனென்றால் ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் முன்னால் அதற்கென்றே ஒரு மின் கிளட்ச் இருக்கிறது (கியர் மாற்றும் கிளட்ச் வேறு), அது பிடிக்காதவரை கம்ப்ரஸர் உள்ளே ஓடாது, வெளியே இருக்கும் புல்லி மட்டும் தன் பேரிங்கில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பேரிங் போய்விட்டால் கதையே வேறு. இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி, புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினாலோ ஆடினாலோ தள்ளிப்போடாதீர்கள். அது இறுகிய அன்றைக்கு பெல்ட் அறுந்துபோகும், அதே பெல்ட்டில்தான் வாட்டர் பம்பும் ஓடுகிறது என்றால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் கொதித்துவிடும்.

சரி, கழற்றுவது என்று முடிவாகிவிட்டது. முதல் வேலை ஏசிக்குள் குளிர்ச்சி தரும் கேஸ். "எப்போதோ லீக் ஆகிப் போயிருக்கும்" என்று நினைத்து எந்தப் பைப்பையும் திறக்காதீர்கள், குளிரவே குளிராத சிஸ்டத்திலும் கேஸ் மிச்சம் இருக்கலாம். 1990களின் முற்பாதி வரை வந்த வண்டிகளில் ஆர்-12 இருக்க வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு வந்தவற்றில் ஆர்-134ஏ. முதலாவது ஓசோன் படலத்தை அரிக்கும், 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதைப் படிப்படியாக நிறுத்தியதே அதனால்தான். இரண்டாவது ஓசோனைத் தொடாது, ஆனால் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாத இடத்திலும் செய்யக் கூடாத காரியம். கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள், இந்த வேலையில் வெளியாள் கட்டாயம் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். 134ஏ திரவம் ஏறத்தாழ மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது, தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் கேஸை எடுத்த பிறகும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு முதல் பைப் இணைப்பை மெதுவாகத் தளர்த்துங்கள். பிடித்துக்கொண்ட நட்டைக் கழற்ற நெருப்பு காட்டவே வேண்டாம், இந்தக் கேஸ்கள் சூட்டில் சிதைந்தால் வரும் புகை விஷம்.

அடுத்தது பெல்ட். கம்ப்ரஸரைக் கழற்றுவது நாலைந்து போல்ட் வேலை, அது போன பிறகு பெல்ட் எந்த வழியாகப் போகும் என்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் கம்ப்ரஸருக்கென்று தனி வி-பெல்ட் இருக்கும், அப்படியானால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே அகலமான பெல்ட் சுற்றுகிறது என்றால் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் மாடல் ஏசி இல்லாமலும் விற்கப்பட்டிருந்தால் அதற்கான பெல்ட் வழியும் நீளமும் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதையே போடுங்கள். சில இன்ஜின்களில் கம்ப்ரஸர் இடத்தில் பொருத்த வெறும் புல்லி தனியாகக் கிடைக்கும், என் கணக்கில் நிம்மதியான வழி அதுதான், பழைய பெல்ட் அளவே போதும். இரண்டும் இல்லையென்றால் நீளாத கயிறு ஒன்றைப் புதிய வழியில் சுற்றி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை அதன் ஓட்டத்தின் நடுவில் வைத்து அளந்து வாங்குங்கள். இங்கே இரண்டு விஷயம் முக்கியம். வாட்டர் பம்ப் முன்பு சுற்றிய அதே திசையில்தான் இப்போதும் சுற்ற வேண்டும், பெல்ட்டின் வரிப் பக்கத்துக்குப் பதிலாக முதுகுப் பக்கம் அதில் பட்டால் திசை மாறிவிடும். அப்புறம், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் புல்லிகளைப் பெல்ட் போதுமான அளவு சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், ஓரமாகத் தொட்டுக்கொண்டு போனால் வழுக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரை இறக்குங்கள், கனமாக இருக்கும், கடைசி போல்ட்டுக்கு முன் அடியில் முட்டுக் கொடுங்கள். அதன் பிராக்கெட்டை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், அதிலேயே ஆல்டர்னேட்டரோ பவர் ஸ்டியரிங் பம்போ உட்கார்ந்திருக்கலாம், சில போல்ட்கள் இன்ஜினின் தண்ணீர்ப் பாதை வரை போகும், உருவினால் கூலன்ட் கொட்டும்.

ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். இடையில் ஒரு அட்டையைச் செருகிவிட்டு எடுத்தால் ரேடியேட்டர் தகடுகள் மடங்காது. பக்கத்தில் கியர் ஆயில் கூலர் இருந்தால் அதன் பைப்பை ஏசி பைப் என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். கண்டென்சர் போன பிறகு பக்கங்களில் இடைவெளி விழுந்தால் ஸ்பாஞ்ச் பட்டை வைத்து அடையுங்கள், காற்று ரேடியேட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

டேஷ்போர்டுக்குள் இருந்து கேபின் காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டரை அப்படியே விடுங்கள். அதை எடுக்க டேஷ்போர்டையே பிரிக்க வேண்டிவரும், அது இருப்பதால் ஹீட்டருக்கு ஒரு கெடுதலும் இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பைப் வாய்களை மூடினால் போதும். பைப்பையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஓட்டைகளைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடும் புகையும் கேபினுக்குள் வரும்.

கிளட்ச் வயரை வெட்டாமல் பிளக்கை உருவி, டேப் சுற்றி, சூடும் பெல்ட்டும் படாத இடத்தில் கட்டிவையுங்கள். ஏசி ஃபியூஸை எடுப்பதற்கு முன் அதே ஃபியூஸில் ஃபேனோ வேறெதுவோ ஓடுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மழையில் முன்கண்ணாடி பனித்தால் ஏசிதான் காற்றின் ஈரத்தை எடுத்து வேகமாகத் தெளிய வைக்கும், இனி ஹீட்டரை மட்டும் நம்ப வேண்டும், அது நன்றாக வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் நேராக ஓடுகிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஆறிய பிறகு பெல்ட் இறுக்கத்தை இன்னொரு தடவை சரிபாருங்கள்.