பழைய சாமான் சந்தைக்குப் போறீங்களா? அளக்குற டேப்பும் காந்தமும் மறக்காதீங்க

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்ல எந்த இடம் காலியா இருக்குன்னு அளந்து போன்ல போட்டு வச்சுக்கோங்க, வாசப்படி அகலமும் சேர்த்துதான், ஏன்னா நான் ஒருதடவை ஆசைப்பட்டு வாங்கின அலமாரி கதவுக்குள்ளயே நுழையாம ரெண்டு நாள் வெளியவே நின்னுச்சு.

பித்தளைன்னு சொல்லி எதைக் காட்டினாலும் சின்ன காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல முலாம் மட்டும்தான். மர சாமான்னா டிராயரை வெளிய இழுத்து, கவுத்துப் போட்டு பாருங்க, பொடிப்பொடியா ஓட்டை இருந்து அதுலேர்ந்து புதுசா மாவு மாதிரி கொட்டுச்சுன்னா பூச்சி இன்னும் உள்ள இருக்கு, எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம், வீட்ல இருக்கிற மத்த மரத்துக்கும் பரவிடும். கீறல், மங்கின பாலிஷ் எல்லாம் பிரச்சனையே இல்ல, கால் ஆடுதான்னு மட்டும் பாருங்க.

பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால காய்ஞ்ச நிலையில உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. பழைய லைட் வாங்கினா வயரை மொத்தமா மாத்திட்டுதான் பிளக்ல சொருகணும்.

நல்ல பீஸ் வேணும்னா காலைல சீக்கிரம் போங்க, பேரம்தான் முக்கியம்னா கடை கட்டுற நேரத்துல போங்க, திருப்பித் தூக்கிட்டுப் போற கஷ்டத்துக்கு பாதிப்பேர் விலையைக் குறைச்சிடுவாங்க. ரெண்டு மூணு சாமானை சேர்த்துக் கேட்டா இன்னும் குறையும்.

அப்புறம் 'இதை என்னவா மாத்தப்போறோம்'னு அங்கயே நின்னு யோசிங்க. ஏணி புக் ஷெல்ஃபாகும், சூட்கேஸ் டீப்பாயாகும். பதில் வரலன்னா கீழ வச்சிடுங்க, எங்க வீட்டு பரண்ல அப்படி பதில் வராத சாமான் ஒரு வண்டி கிடக்கு.