பீரோ மேல் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை ஓட வைப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனாலேயே நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்கள்கூடக் காயலாங்கடைக்குப் போகின்றன. அங்கிருந்து கைமாறி, செம்புக்காக எங்கோ ஒயரைக் கொளுத்தினால், அந்த நச்சுப் புகை பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். அதே பெட்டி வடசென்னை வியாசர்பாடியில் ஒரு மாலை நேர டியூஷனுக்குப் போனால், கல்லூரி விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், பென்சில் ரப்பர், 8 ஜிபி பென்டிரைவ் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு கேபினட்டைத் திறங்கள். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டுங்கள். உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ராயபுரம், காசிமேடு பக்கமெல்லாம் கடல் காற்று. ராம் எனும் நினைவகப் பட்டையின் முனைகள் சீக்கிரம் மங்கிவிடும். ஆன் செய்தால் ஃபேன் ஓடும், பீப் சத்தம் வரும், திரையில் ஒன்றும் வராது. 'போர்டு போச்சு' என்று பலர் கைவிடுவது இங்கேதான். அவசரப்படாதீர்கள். ராமின் இரு பக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கம் தள்ளினால் அது எழும்பி வரும். தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பல நேரம் இதிலேயே உயிர் வந்துவிடும்.

அப்புறம் போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். புதிதாக ஒன்று போட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.

பெட்டி ஓடியதும் பழைய தகவலை அழிக்க வேண்டும். ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், குடும்பப் படம் எல்லாம் உள்ளே இருக்கும். டெலீட் செய்ததைத் திரும்ப எடுத்துவிடலாம். அப்படி எடுக்க முடியாமல் அழிக்க, பென்டிரைவிலிருந்து ஓடும் ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த ஹார்ட் டிஸ்க் என்று சரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். கையில் காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தை மாட்டுங்கள். வேகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சரி, இனி விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய பெட்டிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் போதும். 4 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அதைப் பென்டிரைவில் ஏற்றி, முதலில் அதிலிருந்தே ஓட்டி நெட், ஒலி இரண்டையும் பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் சேர்த்துவிடுங்கள்.

கொடுக்கும் இடத்தில் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவரிடம் பாஸ்வேர்டை எழுதிக் கொடுங்கள். மழைக்குத் தண்ணீர் ஏறும் தெரு என்றால் கேபினட் தரையில் இருக்கக் கூடாது. தேறாத பெட்டியிலிருந்து ராம், கேபிள்களைக் கழற்றி அடுத்ததற்கு வைத்துக்கொண்டு, மீதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர்த்துவிடுங்கள்.