நடனப் படங்கள் கலங்கியதும் லென்ஸை மாற்றியதும்

மார்கழி நிகழ்ச்சி ஒன்றில் நான் எடுத்த பரதநாட்டியப் படங்கள் பெரும்பாலானவற்றில் ஆடுபவரின் கைகள் கலங்கியே விழுந்தன. கேமராவுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸை முழுவதும் நீட்டியபோது ஒளியை உள்ளே விடும் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) திறக்கவில்லை என்பதையும், அதனால் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600-இல்கூட ஷட்டர் வேகம் 1/25 நொடிக்கு இறங்கிவிட்டது என்பதையும் வீடு திரும்பிய பிறகே கவனித்தேன். முக்காலி இருந்திருந்தாலும் பயனில்லை. அசைந்தது கேமரா அன்று, ஆடியவரின் விரல்கள்.

பிறகு எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. பிரைம் லென்ஸை, அதாவது ஜூம் இல்லாத லென்ஸை, வாங்கினேன். எஃப் எண் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது சென்சாரில் விழும் ஒளி ஒன்பது மடங்குக்கு மேல் கூடுவதால், அதே அரங்கில், அதே ஐ.எஸ்.ஓ.-வில் 1/250 நொடி கிடைத்தது. முத்திரைகள் விரல் விரலாகத் தெளிந்தன. அந்தப் படங்களைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது.

ஆயினும் துளை அகன்றால் தெளிவாக விழும் ஆழம் குறைவதால், எஃப் 1.8-இல் கண்கள் கூர்மையாக இருக்க, முன்னே நீட்டிய கை மங்கியது. ஆகவே துளையை எஃப் 2.5-க்குச் சுருக்கி, ஐ.எஸ்.ஓ.-வை 3200-ஆக உயர்த்தி, ஷட்டர் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். ஐ.எஸ்.ஓ. உயர்ந்ததால் படத்தில் சிறிது புள்ளி தெரிவதை நான் பொருட்படுத்துவதில்லை. ஜூம் இல்லாததால் மூன்றாம் வரிசைக்குள் இடம் பிடிக்க வேண்டியுள்ளது. பகல் வெளிச்சத்தில் குழுவாக நிற்பவர்களை எடுக்க இன்றும் பழைய லென்ஸையே பயன்படுத்துகிறேன்.