ஞாயிறு மட்டும் வருகிற சபைக்கு வெண்டை ஆகாது

இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுப்பதற்காக ஆலய வளாகத்தில் காய்கறித் தோட்டம் போட்ட முதல் பருவத்தில் நாங்கள் செய்த பெரிய தப்பு வெண்டை. விதை நன்றாக முளைத்தது, செடி இடுப்பளவு வந்தது, காய்த்தும் தள்ளியது. பறிக்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் ஞாயிறு ஆராதனை முடிந்துதான் தோட்டத்துப் பக்கம் வருவார்கள். வெண்டைக்காயோ பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறித்தாக வேண்டும், விட்டால் நாராகிவிடும். அந்தக் கூடையைத்தான் வாங்க வந்தவர்களுக்கு நீட்டினோம். ஒரு பாட்டி ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால் தோட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். வார நாளில் யார் வருவார்கள், எத்தனை பேர்? யாருமில்லை என்றால் காத்திருக்கத் தெரிந்த பயிராகப் போடுங்கள். பூசணி, சர்க்கரைவள்ளி, கத்தரி. முற்றிய பூசணியைக் காம்போடு அறுத்து, வெயில் படாத இடத்தில் காற்றாட வைத்தால் இரண்டு மாதத்துக்கும் கெடாது. தக்காளி நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துவிடலாம், வெளியிலேயே பழுக்கும்.

கீரைக்கு ஒரு கணக்கு உண்டு. (பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், கணக்கு இல்லாமல் எனக்கு ஓடாது.) சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்து ஏறக்குறைய 28 நாளில் பிடுங்கலாம். 28 நாள் என்றால் 4 வாரம். ஆகவே 4 பாத்தி போட்டு, வாரத்துக்கு ஒரு பாத்தி விதையுங்கள். ஐந்தாவது ஞாயிறு முதல் பாத்தி தயார். பிடுங்கிய அன்றைக்கே தொழு உரம் போட்டு மறுபடி விதைத்தால், நீங்கள் கொடுக்கிற நாளும் அறுவடை நாளும் ஒன்றாகவே வந்துகொண்டிருக்கும். ஒரே நாளில் முழு இடத்திலும் விதைத்தீர்களானால் ஒரு வாரம் கீரை மலையாகக் குவியும், அடுத்த மூன்று வாரம் வெறும் மண்.

இடம் பார்க்கும்போது, நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். கோபுர நிழல் எங்கே நகர்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். பழைய கட்டடமானால் சுவரை ஒட்டிக் கீரை வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம், உதிர்ந்து மண்ணில் தங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பாத்தி 4 அடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் இருந்தால் நடைபாதை 3 அடியாவது விடுங்கள்.

உரத்துக்கு ஆலயத்திலேயே சரக்கு இருக்கிறது. பீடத்தை அலங்கரித்த பூ, கல்யாண மாலை எல்லாம் மக்கும். ஆனால் கம்பி, ரிப்பன், பூ செருகுகிற அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அந்த ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக், எத்தனை வருஷம் ஆனாலும் தூளாகுமே தவிர மக்காது. ஒரு கூடை பூவுக்கு மூன்று கூடை சருகு என்று அடுக்கினால் நாற்றம் வராது.

தண்ணீர் ஊற்றும் பட்டியலில் ‘வாலிபர் சங்கம்’ என்று எழுதாதீர்கள். ஒரு கிழமைக்கு ஒரு ஆளின் பெயர், அவர் வராவிட்டால் வர வேண்டியவரின் பெயர், அவ்வளவுதான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் இருந்தால் ஊற்றாமல் திரும்பலாம் என்றும் சொல்லிவையுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆர்வத்தில் செடியை மூழ்கடித்துவிடுவார்கள்.

கொடுக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பைபிளில் போவாஸ் என்ற நிலக்காரர், தன் வயலில் சிந்திய கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்காகத் தன் வேலைக்காரர்களிடம் அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவி விட்டுவிடச் சொன்னார். தாங்கள் எடுத்தது போக மிஞ்சியதைக் கொடுக்கச் சொல்லவில்லை. எனவே வாங்க வருகிறவர்கள் முதலில், சபையார் கடைசியில். மேசையில் பரப்பி வையுங்கள், அவர்களே பொறுக்கி எடுக்கட்டும். எந்தச் சபை, என்ன மதம் என்ற கேள்வியும் போட்டோவும் வேண்டாம். அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள். இல்லாதவருக்குக் கீரைக் கட்டு எதற்கு? வெள்ளரி, தக்காளி, கேரட் கொடுங்கள். கீரையைக் காலையில் பிடுங்கி, கழுவாமல், ஈரத்துணி போர்த்தி வையுங்கள். கழுவி அடுக்கினால் மதியத்துக்குள் அழுகத் தொடங்கும்.

இந்த வருஷம் வெண்டையை மறுபடி போட்டிருக்கிறோம், 12 செடிதான். செவ்வாயும் வியாழனும் வந்து பறிக்க ஒருவர் ஒப்புக்கொண்டதால் மட்டும். முழுக்கைச் சட்டையோடு வருவார், வெண்டைச் சுணை அரிக்கும். பறித்ததைப் போகிற வழியில் மூன்று வீடுகளில் கொடுத்துவிடுவார். கண்ணில் படாமல் முற்றிப்போன காய் உரக்குழிக்கு. நாட்டு விதை என்பதால் இரண்டு செடியில் மட்டும் காயை அப்படியே காயவிட்டு விதைக்கு எடுக்கிறோம்.