அரசாணிக்காயில் ஒரு பேய் மூஞ்சி

கோயம்புத்தூரில் பேத்தி இருக்கும் அடுக்ககத்தில் அக்டோபர் 31 வந்தால் ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேஷம் போடும் மேல்நாட்டுப் பண்டிகை. "அம்மிச்சி, பூசணியில மூஞ்சி செய்யணும்" என்றாள். அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்களாம். நமக்கு அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, இருக்கிறதே!

முற்றின காயாக, அடி தட்டையாகப் பார்த்து வாங்குங்கள், உருளாது. காம்பைச் சுற்றி மூடி வெட்டும்போது கத்தியை உள்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் குழந்தைகளே கையால் வழிக்கட்டும். அந்த வழுவழுப்புக்கே சிரிப்பு அடங்காது. பிறகு ஒரு விரல் கனம் விட்டுக் கரண்டியால் சுரண்டுங்கள். சதை பொரியலுக்கு, விதையைக் காயவைத்து உப்புப் போட்டு வறுக்கலாம். கண், பல்லை ஸ்கெட்ச் பேனாவில் அவர்கள் வரையட்டும், கத்தி உங்கள் கையில். போன வருடம் மெழுகுவத்தி வைத்தேன். மூடி கருகி வீடெல்லாம் தீய்ந்த வாடை. இப்போது பேட்டரி விளக்குதான். ஐப்பசி ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், முந்தின நாள் வெட்டினால் போதும்.

பேய் வேஷத்துக்குத் தாத்தாவின் பழைய வேட்டி. முழங்காலோடு வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் குழந்தை தடுக்கி விழும்.

அப்புறம், குழந்தைகளோடு ஊர் சுற்ற. மதியத்துக்கு மேல் மழை கட்டும் மாதம் இது, விடியலிலேயே கிளம்புங்கள். ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் சின்னக் கால்களுக்கு ஏற்றது. கொடிவேரி அணை என்றால் முதலில் விசாரியுங்கள். வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள். மாற்றுத்துணி இரண்டு செட், தயிர்சாதம் ஒரு தூக்கு.